பயனர் தலையீடு

சோஹாரில் வியாழன் இரவு பத்தே முக்கால்.
கடற்பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீ
ஈரக்காற்றில் நனைந்தும் அணையாமல் நிற்கிறது.
மருத்துவமனை அடித்தளத்தில், சர்வர் அறையில்,
ஸ்வெட்டர் மாட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கணினிகள்.
அத்தனையிலும் புதிய பதிவேட்டு மென்பொருள் இறங்கவேண்டும்,
ஒரு நர்ஸின் மவுஸ்கூட ஒரு கணம் தயங்காமல்.

கையால் நிறுவினால் ஏழு கேள்வி கேட்கும்.
எந்த மொழி? எந்த டிரைவ்?
உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா?
ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? படித்தவன் எவன்.
முகப்பில் ஐகான் வேண்டுமா?
மறுதொடக்கம் செய்யட்டுமா?
கடைசியில் நன்றி சொல்லி 'முடி'யை அமுக்கச் சொல்லும்,
அதையும் கேள்விக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

பொதியின் வயிற்றைத் திறந்து பார்த்தால்
உள்ளே பட்டியல்: பண்பு, மதிப்பு, பண்பு, மதிப்பு.
கேட்கப்போகும் ஒவ்வொன்றுக்கும்
முன்கூட்டியே பதில் எழுதி
ஒற்றை வரியில் கோத்துவிடுகிறேன்.
நான் இங்கே வந்து சேர்ந்ததும் இப்படித்தான்.
ஏஜென்ட் ஆபீசில் யாரோ கட்டங்களை நிரப்பியிருந்தார்கள்,
தொழில்: ஏசி மெக்கானிக்.
இறங்கியபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
பத்தாக்காவில் இன்னும் ஏசி மெக்கானிக்தான்,
இந்தக் குளிரில் உட்கார்ந்துகொண்டு
பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

முதல் சோதனை விழுந்தது.
ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்த பிறகு பிடிபட்டது:
பண்பின் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறேன்.
பெரிய எழுத்துப் பெயர்தான் வெளியிலிருந்து உள்ளே போகும்.
சின்ன எழுத்துப் பெயர் வீட்டுக்குள் புழங்குவது,
வாசலில் நின்று கூப்பிட்டால் திரும்பாது.
முதஸ்ஸிரிடம் சொன்னேன்:
என் மொழியில் குறில் உண்டு, நெடில் உண்டு,
பெரிய மனுஷன் சின்ன மனுஷன்
எழுத்தில் கிடையாது.
"எங்களுக்கும்தான்," என்றான், சோற்றுப் பொட்டலத்தை மூடியபடி.
"சம்பளச் சீட்டு எந்த எழுத்தில் வருகிறது?"

திருத்தினேன்.
சாளரம் காட்டாதே.
மறுதொடக்கம் கேட்காதே.
திறந்திருக்கும் எதையும் வலிந்து மூடாதே.
ஆனால் நடந்ததையெல்லாம்
ஒரு மூச்சு விடாமல் லாக்கில் எழுதி வை.
எண்டர்.

பிரசவ வார்டு, மருந்தகம், எக்ஸ்ரே,
வரிசையாகப் பூஜ்ஜியம் விழுகிறது.
பூஜ்ஜியம் என்றால் வெற்றி, இந்தத் தொழிலில் மட்டும்.
அவசரப் பிரிவிலிருந்து ஜெபராணி சிஸ்டர் போன்:
"ஏதாவது செய்யறீங்களா?"
இல்லையே, ஏன்?
"சும்மா. இன்னைக்கு ஹேங் ஆகல, அதான்."

இரண்டே முக்காலுக்கு முன்னூற்றுப் பதினொன்று.
ஒன்று மட்டும் ஆயிரத்து அறுநூற்று மூன்று,
அபாயப் பிழை, பழைய பதிப்பு திறந்திருக்கிறது.
இடம்: பிணவறை அலுவலகம்.

நடந்தே போனேன்.
நாற்காலியில் தொப்பி, பாதி கரக் டீ,
திரையில் பாதி நிரம்பிய படிவம்.
வெள்ளைச்சாமி மருதப்பன், கிரேன் ஆபரேட்டர்.
இரண்டில் எது அவர், எது அவர் அப்பா
என்று கட்டத்துக்குத் தெரியாது.
எனக்கும் தெரியவில்லை.
சேருமிடம்: திருச்சி.
உடன் செல்பவர்:
அங்கே கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது.

மூட அமுக்கினேன்.
இரவெல்லாம் நான் வாயடைத்து வைத்த கூட்டத்திலிருந்து
ஒன்று கேட்டது:
மாற்றங்களைச் சேமிக்கவா?
இதற்கு மதிப்பெதுவும் நான் எழுதி வைக்கவில்லை.

ஆம், என்றேன், வாய்விட்டே.
நான்கு நிமிடம் நின்றுகொண்டே நிறுவினேன்.
பிறகு அதே படிவத்தை, அதே கட்டத்தில்,
கர்சர் இருந்த இடத்தில் திறந்து வைத்தேன்.
தொப்பியைத் தொடவில்லை.

ஐந்து மணிக்கு அறிக்கை.
முன்னூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு.
'பயனர் தலையீடு' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று வார்ப்புருவே நிரப்பியிருந்தது.
அழித்துவிட்டு 'ஒன்று' என்று அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் கேட்பார்.
கேட்கட்டும்.